மேய விடாத நாய்

எழுபதுகளின் கடைசியில் என் கணவருக்குப் புதூர்நாட்டுக்கு மாற்றல் வந்தது. கால்நடை ஆய்வாளர் வேலை. மலைக்காரர்கள் அவரை டாக்டர் என்றார்கள். என்னை டாக்டரூட்டம்மா என்றார்கள். நான் சந்தவாசல் பக்கத்தில் பிறந்தவள். ஜவ்வாது மலையைக் கீழிருந்தே பார்த்து வளர்ந்தவளுக்கு மேலே போய்க் குடும்பம் நடத்துவோம் என்ற எண்ணம் இருந்ததில்லை. போன பிறகு அந்த இடம் எனக்குப் பிடித்துத்தான் போயிற்று. மருந்தகத்தை ஒட்டி ஓட்டு வீடு, பின்பக்கம் பலா மரம், ஏழெட்டுக் கோழிகள். ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். அதற்குப் பிறகு நாய் வந்தது.

வெளியூரில் இருந்த ஒரு அரசு ஆட்டுப் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போனவர், திரும்பும்போது ஜீப்பிலிருந்து ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் கயிறுமாக இறங்கினார். கயிற்றின் மறுமுனையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சடை வைத்த நாய். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு போட்ட மாதிரி ஒரு பட்டை. ஒரு காது நிமிர்ந்து நின்றது, இன்னொன்று பாதியில் மடிந்திருந்தது. கம்பளி ஆடுகளோடு கப்பலில் வந்த வெளிநாட்டு ஜாதியாம். ஆடு மேய்ப்பதற்கென்றே வளர்த்த வம்சமாம். இந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளாமல் ஆடுகள் போய்விட, வேலையில்லாமல் நின்ற நாய்களை வேண்டியவர்கள் கொண்டுபோகலாம் என்றிருக்கிறார்கள். அங்கே வந்திருந்தவர்களில் இவர் ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

"நமக்கு ஆடு எங்கங்க கீது?" என்று கேட்டேன்.

"ஊர்ல கீதே" என்றார்.

அந்த நாய்க்கு ஏதோ பெயர் இருந்தது. என் வாயில் நுழையவில்லை, ஊராருக்கும் நுழையவில்லை. இருந்தவரைக்கும் நாய் என்றுதான் கூப்பிட்டோம்.

வந்த மறுநாள் காலையில் கோழிகளைத் திறந்துவிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். வெகுநேரமாகக் கோழிச் சத்தமே கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால், குளியலறைச் சுவருக்கும் விறகு அடுக்குக்கும் நடுவில் அத்தனை கோழிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கொஞ்ச தூரத்தில் நாய் தரையோடு தரையாகப் படுத்து, மோவாயை மண்ணில் வைத்து, இமைக்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. ஒரு கோழி காலை எடுத்து வைத்தால் இதுவும் ஒரு காலை எடுத்து வைக்கும். கோழி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இப்படியே ஒரு வாரம் நடந்தது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஒருநாள் நன்றாக அதட்டினேன். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்தது. சாயங்காலம் வரை வரவில்லை, சோற்றையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்த கணவர் தரையில் குப்புறப் படுத்து அதனோடு பேசினார். இந்த ஜாதி நாய்க்கு ரோஷம் அதிகம், ஒரு சுடுசொல் தாங்காது, இனிமேல் சத்தம் போடாதே என்று எனக்குப் புத்தி சொன்னார். எனக்குச் சுடுசொல் தாங்குமா என்று அவர் விசாரித்ததில்லை.

அசைகிற எதையும் அதனால் சும்மா விட முடியவில்லை. சைக்கிள் போனால் சக்கரத்தைச் சுற்றிவரும். பலாப்பழம் உருண்டால் முன்னால் ஓடிப்போய் மறிக்கும். மத்தியான வேளையில் ஊர்ப் பெண்கள் வந்து வாசலில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து புளி உரித்தால், நாய் அவர்களைச் சுற்றிச் சுற்றி வரும். அது தங்களை உரசாமல் இருக்க ஒவ்வொருத்தியாக உள்ளே நகர்வார்கள். கடைசியில் எல்லோரும் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் அது படுக்கும். எழுந்து போக நினைத்தவள் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவாள்.

அதன் உடம்பைக் கவனிப்பதே தனி வேலையாக இருந்தது. குளிர்நாட்டுச் சடை. காட்டுக்குள் ஒருதரம் போய் வந்தால் ஒட்டுப்புல்லும் முள்ளும் வயிறெல்லாம் பின்னிக்கொண்டு வரும். காதுக்குள் உண்ணி, விரலிடுக்கில் உண்ணி. சித்திரை வெயிலில் நாக்கு தரையைத் தொடுகிற அளவுக்கு மூச்சிரைத்து, நான் பாத்திரம் கழுவும் இடத்துச் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதே உடம்போடு வீட்டுக்குள் வரும். ஊர் மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் வீட்டு நாயின் உண்ணியை ஒருநாளும் எடுத்ததில்லை. அவர் முகாம் முகாமாகப் போய்க்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு தினமும் நான்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு அக்கா இருந்தாள். புருஷன் செத்துப்போன பிறகு வெள்ளாடுகளை வைத்துப் பிழைத்தவள். அவளிடம் எதற்கும் நல்ல வார்த்தை கிடையாது. மழை பெய்தால் மழையைத் திட்டுவாள், நின்றால் நின்றதற்குத் திட்டுவாள். நாய்க்கு வேலை கிடைக்கட்டும் என்று என் கணவர் அவளுடைய ஆடுகளோடு அதை அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அவள் வாசலில் வந்து நின்றாள்.

"யம்மா, ஒங்க நாயி எங்க ஆட்ட மேயவே வுட மாட்டேங்குது. காலையிலர்ந்து ஒரு வாயி தழ திங்கல. அப்படியே கும்பலா நின்னுக்கினு கீதுங்க."

போய்ப் பார்த்தேன். புளிய மரத்தடியில் அத்தனை ஆடுகளும் ஒரே உருண்டையாக நின்றன. நாய் சுற்றிவந்துகொண்டிருந்தது. செம்மறி கும்பலாகத் தலையைக் குனிந்து புல் மேயும். வெள்ளாடு தலைக்கு ஒரு பக்கம் போய், பாறையில் ஏறி, புதரில் காலை வைத்து நின்று தழை கடிக்கிற ஜாதி. நாய்க்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சிதறி நிற்கிற ஆடு அதன் கண்ணுக்கு முடிக்காத வேலை. பசியால் கத்துகிற ஆடுகளுக்கு நடுவில் அதன் முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி. இனிமேல் விட மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். ஆனால் கட்டினால் கயிற்றைக் கடித்துவிட்டுப் போய்விடும். அவள் தினமும் வந்து திட்டுவாள். நாயை மேய்ப்பது என் வேலையாகிப்போனது.

அதை நிறுத்த வார்த்தை தெரிந்தால் போதும் என்பார் என் கணவர். பண்ணையில் அதைப் பழக்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். என்ன சொல்லிப் பழக்கினார் என்று இவரும் கேட்டுக்கொண்டு வரவில்லை. தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை எல்லாவற்றையும் முற்றத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நாய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றது. எதற்கும் அசையவில்லை.

அந்த வார்த்தை பஸ்ஸில் வந்தது. திருப்பத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ்கள் சொற்பம். ஒருநாள் மத்தியானம் பஸ் புறப்படுகிற நேரம், நாய் என் கையிலிருந்து நழுவிச் சக்கரத்தைச் சுற்ற ஓடியது. இறங்க மறந்த ஒருவர் இறங்கட்டும் என்று பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார். ஓடிக்கொண்டிருந்த நாய் காலை வெட்டின மாதிரி அப்படியே விழுந்து படுத்தது, பஸ்ஸுக்கு நேர் முன்னால். டிரைவர் ஹாரன் அடித்தார், அசையவில்லை. கண்டக்டர் மறுபடி விசில் ஊதினார், இன்னும் ஒட்டிப் படுத்தது. பயணிகள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். கண்டக்டர் என்னிடம், பஸ்ஸை மறிக்கத்தான் நாயைப் பழக்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். எல்லோரும் பார்க்க அதன் முன்னங்காலைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

இதைச் சொன்னதும் என் கணவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த தரம் திருப்பத்தூர் போனபோது ஒரு விசில் வாங்கி வந்து என் கழுத்தில் மாட்டினார். ஒரு நீள விசிலுக்கு நாய் படுத்துவிடும். வலப்பக்கம் போ, இடப்பக்கம் போ, விட்டுவிட்டு வா என்பதற்கெல்லாம் வேறு வேறு விசில் இருந்திருக்கும். அவற்றைக் கடைசிவரை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. நில் என்று சொல்லத் தெரிந்தது. விடு என்று சொல்லத் தெரியவில்லை. ஊதினால் படுக்கும், நான் அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

அந்தச் சமயத்தில் மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போடும் வேலை வந்தது. மலையில் மாடுகளைக் காட்டில் விட்டுவிடுவார்கள். ஊசி போடுகிற அன்றைக்குக் காலையில் பட்டியில் அடைத்து வையுங்கள் என்று முன்கூட்டியே சொன்னாலும் பாதி மாடுதான் வரும். ஐஸ் பிளாஸ்கிலிருந்து எடுத்துக் கலக்கிய மருந்து சீக்கிரம் கெட்டுவிடும். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து இவர் கோபத்தோடு வீட்டுக்கு வருவது வழக்கம். இந்தத் தரம் நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அவர் கையில் ஊசி இருக்குமாம், அதனால் விசிலோடு நானும் வரவேண்டுமாம். மாட்டேன் என்று சொன்னேன். ஆனாலும் போனேன்.

போன ஊரில், பட்டி வாசலைத் திறந்து வைத்துவிட்டு நாயை அவிழ்த்துவிட்டோம். அது சரிவில் இறங்கிக் காட்டுக்குள் மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு பசு வந்தது, அதன் பின்னால் இரண்டு, அதன் பின்னால் கன்றுகள். மனிதரைக் கண்டால் கொம்பை ஆட்டுகிற காளைகள்கூடப் பேசாமல் நடந்து வந்தன. பின்தங்கியதன் குதிகாலில் நாய் லேசாக ஒரு கடி வைக்கும், உதை விழுவதற்குள் தரையோடு படுத்துக்கொள்ளும். ஊரே வந்து நின்று பார்த்தது. அத்தனை மாட்டுக்கு அத்தனை வேகமாக என் கணவர் அதுவரை ஊசி போட்டதில்லை. நடுநடுவே என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பரீட்சையில் தேறிய முகம்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நாய் மறுபடி காட்டுக்குள் போனதை நான் கவனிக்கவில்லை. விசில் ஊதினேன். எங்கேயோ படுத்திருக்கும், எங்கே என்று யாருக்குத் தெரியும். ஊதுவதை நிறுத்தினேன். உச்சிப்பொழுது தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரின் மாடுகள் மணிச் சத்தத்தோடு நாங்கள் நின்ற பட்டிக்குள் வந்தன. இரண்டு ஊர்க் காளைகளும் முட்டிக்கொண்டன. பட்டியின் ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாலேயே அந்த ஊர் ஆண்கள் கழியோடு வந்தார்கள். எங்கள் மாட்டைத் திருடுகிறீர்களா என்று அவர்கள் கேட்க, உங்கள் மாட்டைக் கட்டி வைப்பதற்கென்ன என்று இவர்கள் கேட்க, யாரோ இரண்டு பேர் என் கழுத்திலிருந்த விசிலைக் காட்டினார்கள். அன்றைக்கு முழுக்க இரண்டு ஊருக்கும் சேர்த்து நான்தான் குற்றவாளி. என் கணவரோ, வந்ததுதான் வந்துவிட்டது, அவற்றுக்கும் ஊசி போட்டுவிடலாம் என்று இருந்த மருந்தைக் கலக்கத் தொடங்கினார். பொழுது சாயும்வரை மாடு பிரித்தோம். பிரிக்கப் பிரிக்க நாய் ஒன்றுசேர்த்தது. கடைசியில் அதைத் தூக்கி ஜீப்புக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். அடுத்த வருஷம் ஊசியை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று நாங்கள் ஊசி போடப் போன ஊரின் பெரியவர் மரியாதையாகச் சொன்னார்.

மழைக்காலம் முடிந்து சாமை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, கணவர் கூட்டத்துக்குத் திருப்பத்தூர் போயிருந்தார். நான் சர்க்கரை வாங்க டீக்கடைப் பக்கம் போனேன். பின்னால் வந்த நாய் திடீரென்று நின்றது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பக்கவாட்டில் விழுந்து நான்கு காலையும் ஓடுகிற மாதிரி உதைத்துக்கொண்டது. நுரை தள்ளியது. ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். வெறி பிடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். அடுத்த கணம் நாலைந்து பேர் கையில் கட்டை இருந்தது.

என் சித்தப்பாவுக்கு வலிப்பு உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இது அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. டீக்கடைக்காரரின் ஈரச் சாக்கை இழுத்து நாயின் மேல் போர்த்தி, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குள் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. இத்தனை நாள் இந்தச் சனியனிடம் பட்டது போதாதென்று, இதற்காக நடுத்தெருவில் அடி வாங்க வேண்டுமா என்று நினைத்தேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வலிப்பு நின்றதும் நாய் தள்ளாடி எழுந்தது. என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தது. நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் கூட்டம் இன்னும் நெருங்கியது.

அப்போது கீழ்வீட்டு அக்கா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளும் சேர்ந்து அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"வெறி புடிச்ச நாயா இருந்தா மொதல்ல என் ஆட்டத்தான் கடிச்சிருக்கும். நாள் பூரா அதுங்க பின்னாடிதான கீது" என்றாள் அவர்களைப் பார்த்து. "கட்டி வச்சிப் பாப்போம். வெறியா இருந்தா தானா செத்துப்போவும். இல்லன்னா இந்தம்மா சொல்றதுதான்."

கட்டையைக் கீழே போட மனமில்லாமலே ஒத்துக்கொண்டார்கள். நாயை மருந்தகத்தின் பின்னாலிருந்த காலி அறையில் அடைத்தேன். அதற்குள் அது தெளிந்துவிட்டது. தெளிந்தது இன்னும் மோசம். அடைத்து வைத்தால் தாங்காத ஜாதி. இரவும் பகலும் ஊளையிட்டது, கதவின் கீழ்ப்பலகையைத் தின்றது, மண் தரையைத் தோண்டியது. ஊர்க்காரர்கள் தினமும் வந்து தூர நின்று எட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் ஜன்னல்வரை வருவாள். தண்ணி குடித்ததா என்று கேட்பாள்; குடித்தது என்று நான் சொன்னாலும் நம்பாமல், என்னைத் தண்ணீர் வைக்கச் சொல்லி, அது குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பாள். பிறகு அது ஊளையிடுவதால் தன் ஆடு சரியாகத் தூங்குவதில்லை என்று திட்டிவிட்டுப் போவாள்.

அது சாகவில்லை. ஊரும் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தியது. கணவர் பண்ணைக்கு ஆள் மூலம் கேட்டனுப்பியதில், இதோடு ஒரே ஈற்றில் பிறந்த இன்னொரு நாய்க்கும் வலிப்பு வந்திருக்கிறது என்று தெரிந்தது. இந்த வம்சத்தில் அது உண்டாம். கொடுக்கும்போது யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவர் விசாரிக்கவில்லையாம். திருப்பத்தூரில் ஒரு மருத்துவரைக் கேட்டு மனிதருக்குக் கொடுக்கிற வலிப்பு மாத்திரையை வாங்கி வந்தார். காலையிலும் மாலையிலும் தவறாமல் கொடுக்க வேண்டும், ஒருவேளைகூட விட்டுவிடக் கூடாது என்றார். சொல்லிவிட்டு முகாமுக்குப் போய்விட்டார். சாமைச் சோற்று உருண்டைக்குள் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்பியது. கருவாட்டுக்குள் வைத்தால்தான் விழுங்கியது. எங்கள் வீட்டில் நாங்கள் கருவாடு தின்றதைவிட நாய் தின்றது அதிகம்.

மாத்திரை வேலை செய்தது. வலிப்பு எப்போதாவதுதான் வந்தது. கூடவே நாயும் மந்தமாகிவிட்டது. கோழிகளைப் பார்த்தால் எழுந்து நிற்கும், யோசிக்கும், உட்கார்ந்துவிடும். கோழிகள் மறுபடி முட்டையிட்டன. எனக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வராததற்கும் சேர்த்து அதன் மேல்தான் கோபப்பட்டேன்.

ஆனால் வெள்ளாடுகளோடு போவதை அது விடவில்லை. இப்போது அதனால் சுற்றிச் சுற்றி ஓட முடியவில்லை. மேட்டில் ஓரிடத்தில் படுத்துக்கொண்டு பார்க்கும். ஆடுகள் சிதறித் தழை கடிக்கும். சாமைக் கொல்லைப் பக்கம் ஒன்று திரும்பினால் மட்டும் மெல்ல எழுந்துபோய் முன்னால் நிற்கும். ஆடு திரும்பிவிடும். ஒருநாள் அக்கா வந்தபோது என்ன புகாரோ என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"இப்பத்தான் ஆட்டு நாயி மாதிரி கீது" என்றாள். அதோடு போய்விட்டாள்.

எண்பதுகளின் நடுவில் திருப்பத்தூருக்கே மாற்றல் வந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. வாசலில் இறங்கினால் சைக்கிளும் பஸ்ஸும். நாயைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார் கணவர். அங்கே தெருவில் போகிற வருகிற ஜனங்களை அது ஒன்றுசேர்க்கும், நீங்கள் ஆபீஸ் போய்விடுவீர்கள், பதில் சொல்லப்போவது யார் என்று கேட்டேன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. அக்கா தானாக வந்து, ஆடு பழகிப்போய்விட்டது, நாய் இல்லையென்றால் கொல்லையில் போய் விழும், அதனால் அது இங்கேயே இருக்கட்டும் என்றாள். கேட்கிற தொனியில் கேட்கவில்லை; நாங்கள் ஏதோ தொல்லை கொடுத்த மாதிரி சொன்னாள். மாத்திரையையும் கருவாட்டையும் பற்றிச் சொன்னேன். தெரியும் என்றாள்.

மாத்திரையைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருதரம் என் கணவர் ஆசையாகப் பார்க்கப் போனார். நாய் வந்து அவர் கையை முகர்ந்துவிட்டு, வாலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, ஆடுகளிடம் திரும்பிப் போய்விட்டதாம். வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. நாய்க்கு இருந்த ரோஷமெல்லாம் இவருக்கு வந்துவிட்டதோ என்று இருந்தது. தேற்றுகிற வேலையும் எனக்கே வந்தது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு ஐப்பசி மாதத்தில், அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கீழே இறங்கி எங்கள் வீட்டுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. பையில் கொஞ்சம் புளியும், பிரிக்காத மாத்திரைப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தொடர்ந்து மழை பெய்த ஒருநாள் வலிப்பு விடாமல் வந்திருக்கிறது. மாத்திரை தவறவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தவறியிருக்காது என்று நானும் சொன்னேன்.

சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே நாயைத் திட்ட ஆரம்பித்தாள். ஒரு வீடு விடாமல் கருவாட்டுக்கு அலைய வைத்தது, மழையில் வெளியே நிற்காமல் தன் பாயில் வந்து படுத்தது, ஈரச் சடை நாற்றத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாது, இப்போது ஆடுகள் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன, ஒன்றும் உருப்படியாக மேய்வதில்லை.

"செத்தும் மேய வுட மாட்டேங்குது பாரு" என்றாள்.

நான் கோழிகளைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், இரண்டு ஊர் மாட்டைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாததா, ஆனாலும் கேட்டாள். அவள் சொல்ல, நான் சொல்ல, மலைக்குப் போகிற கடைசி பஸ் நேரம் வரை இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த நாயைத் திட்டிக்கொண்டிருந்தோம்.